மதிப்பெண் வேறு, கிரேடு வேறு: முதலாமாண்டு இயற்பியல் தாளை முன்வைத்து

முதல் பருவத் தேர்வு முடிவு வெளிவந்த மறுநாள் காலை, இயற்பியல் துறை வாசலில் ஒரு மாணவர் கைப்பேசியை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். திரையில் இயற்பியல் தாளுக்கு நேராக ‘யு’ என்ற ஒற்றை எழுத்து இருந்தது. தாளை மறுபடி எழுத வேண்டும் என்பது அதன் பொருள். “இன்டர்னல் முப்பத்தெட்டு சார். எப்படி சார் அரியர் விழும்?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நண்பருக்கு இன்டர்னல் வெறும் 18, அவர் தேறியிருந்தார். கணினியில் ஏதோ பிழை என்று இருவரும் நம்பினார்கள். விடுதியில் மூத்த மாணவர்கள் சொல்லியிருந்த காரணம் வேறு: ரிலேடிவ் கிரேடிங்கில் அடிபட்டுவிட்டதாம்.

இரண்டு காரணங்களும் தவறானவை. மதிப்பெண், தேர்ச்சி, கிரேடு, சி.ஜி.பி.ஏ., சதவீதம் ஆகியவற்றை ஒரே பொருளின் வெவ்வேறு பெயர்கள்போலப் பேசிப் பழகிவிட்டதால் வரும் குழப்பம் இது. ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஏதோ ஒரு தகவல் உதிர்ந்துபோகிறது. அந்த வழியை ஒரே ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்கீழ், முதல் பருவ மாணவர்கள் எழுதிய பொறியியல் இயற்பியல் தாளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வேறு பல்கலைக்கழகங்களில் எண்கள் மாறும். கணக்கின் போக்கு பெரிதும் மாறாது.

தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள்

முன்பதிவு செய்த ரயில் பயணத்துக்குப் பயணச்சீட்டும் வேண்டும், அடையாள அட்டையும் வேண்டும். கையில் இருப்பது முதல் வகுப்புச் சீட்டு என்பதற்காக அடையாள அட்டை இல்லாத குறையைப் பரிசோதகர் மன்னிப்பதில்லை. தேர்ச்சி விதியும் அப்படிப்பட்டதுதான்.

பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே கல்லூரி நடத்தும் தேர்வுகளுக்கும் ஒப்படைப்புகளுக்கும் கிடைப்பது இன்டர்னல், அதாவது அகமதிப்பீடு. இதற்கு 40 மதிப்பெண். பருவத்தின் முடிவில் பல்கலைக்கழகம் நடத்தும் மூன்று மணி நேரத் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு எழுதப்பட்டு 60க்குச் சுருக்கப்படுகிறது. இரண்டும் சேர்ந்து 100. தேறுவதற்குக் கூட்டுத்தொகை 50 ஆக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பருவத் தேர்வில் மட்டும் தனியாகக் குறைந்தது 45 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும் என்ற இரண்டாவது நிபந்தனையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வாசலில் நின்ற மாணவர் பருவத் தேர்வில் எடுத்தது 42 என்பது பிறகு விடைத்தாள் நகல் வந்தபோது தெரிந்தது. 42ஐ 60க்குச் சுருக்கினால் 25.2, இன்டர்னல் 38ஐக் கூட்டினால் 63.2. கூட்டுத்தொகை தாராளமாக 50ஐத் தாண்டியும் 45 என்ற கோட்டை மூன்று மதிப்பெண்ணில் தவறவிட்டதால் அரியர். நண்பர் பருவத் தேர்வில் 54 எடுத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 54ஐச் சுருக்கினால் 32.4; இன்டர்னல் 18ஐக் கூட்ட 50.4, தேர்ச்சி. ஆக 63 எடுத்தவர் நிற்கிறார், 50 எடுத்தவர் தேறுகிறார். கணினியில் எந்தப் பிழையும் இல்லை.

இந்தக் கணக்கை இன்னும் சற்றுத் தள்ளிப் பார்த்தால் பயனுள்ள ஓர் எண் கிடைக்கும். பருவத் தேர்வின் குறைந்தபட்ச 45 விழுக்காடு என்பது 60க்கு 27. அதோடு சேர்ந்து 50 ஆவதற்கு இன்டர்னலில் 23 போதும். 23க்கு மேல் வாங்கும் ஒவ்வொரு இன்டர்னல் மதிப்பெண்ணும் கிரேடை உயர்த்த உதவுமே தவிர, தேர்ச்சியை எளிதாக்காது. 30 இருந்தாலும் 40 இருந்தாலும் வினாத்தாளில் 45 எடுத்தே ஆக வேண்டும். 23க்குக் கீழே போனால் கதை வேறு. இன்டர்னல் 20 என்றால் வினாத்தாளில் 50 தேவை. 15 என்றால் 59 தேவை. இழந்த ஒரு மதிப்பெண்ணை மீட்க வினாத்தாளில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மதிப்பெண் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கிறது.

கலை, அறிவியல் கல்லூரிகளின் பி.எஸ்சி. இயற்பியலில் 25, 75 என்ற பிரிப்பு பரவலாக வழங்கிவருகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் சில பாதிக்குப் பாதி வைத்துக்கொள்கின்றன. எங்கே படித்தாலும் கூட்டுத்தொகைக்கான கோடு எது, வெளித்தேர்வுக்கான தனிக் கோடு எது என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இதுவரை பார்த்ததில் யாரும் யாரோடும் ஒப்பிடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேர்ச்சிக் கோடுகள் தேர்வுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டவை. மற்றவர்கள் எப்படி எழுதினாலும் அவை நகர்வதில்லை.

கிரேடு: பேருந்தின் ஸ்டேஜ் கணக்கு

நகரப் பேருந்தில் நடத்துநர் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் அளந்து கட்டணம் வாங்குவதில்லை. ஸ்டேஜ் கணக்கில் வாங்குகிறார். ஒரு ஸ்டேஜின் தொடக்கத்தில் இறங்கினாலும் கடைசியில் இறங்கினாலும் ஒரே தொகை. ஸ்டேஜ் மாறும் நிறுத்தத்தைத் தாண்டி அடுத்ததில் இறங்கினால், நடந்தே போயிருக்கக்கூடிய தூரத்துக்குக் கட்டணம் ஏறிவிடும்.

கிரேடும் அப்படித்தான். நிலையான எல்லைகள் கொண்ட முறையில் 91 முதல் 100 வரை ஓ, 81 முதல் 90 வரை ஏ பிளஸ், 71 முதல் 80 வரை ஏ, 61 முதல் 70 வரை பி பிளஸ் என்று போகும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கிரேடு புள்ளி உண்டு: ஓ என்றால் 10, ஏ பிளஸ் என்றால் 9, ஏ என்றால் 8, பி பிளஸ் என்றால் 7. எழுத்துகளைக் கூட்ட முடியாது என்பதால், கூட்டிச் சராசரி எடுப்பதற்காக வைத்த எண்தான் கிரேடு புள்ளி. எழுத்துகளுக்கு இந்திய அளவில் ஒரே பொருளும் கிடையாது. சென்னை ஐ.ஐ.டி.யில் உச்சக் கிரேடின் பெயர் எஸ்; அங்கே ஏ என்பது இரண்டாமிடம், அதற்கு 9 புள்ளி.

இயற்பியல் ஆய்வகத்தில் முதல் நாள் சொல்லித்தரும் சொல் ஒன்று இங்கே அப்படியே பொருந்தும். ஒரு கருவியால் அளக்கக்கூடிய மிகச்சிறிய அளவு அதன் மீச்சிற்றளவு. ஆய்வக வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர், திருகு அளவியினுடையது 0.01 மில்லிமீட்டர். மேலே சொன்ன கிரேடு அளவுகோலின் மீச்சிற்றளவு பத்து மதிப்பெண். 71 எடுத்தவரையும் 80 எடுத்தவரையும் அந்த அளவுகோலால் பிரித்தறிய முடியாது. 80 எடுத்தவரையும் 81 எடுத்தவரையும் அது ஒரு முழுப் புள்ளி விலக்கி நிறுத்திவிடும்.

ரிலேடிவ் கிரேடிங்: எல்லைகள் நகரும்போது

பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வைக் கண்ட வீடுகளுக்கு இந்தப் பகுதி புதிதாக இருக்காது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 எனச் சேர்த்து 200க்குக் கணக்கிடும் கட் ஆஃப் மதிப்பெண் 180 என்பதால் மட்டும் எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆண்டு மற்றவர்கள் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே தரவரிசை அமையும். மதிப்பெண் நம்முடையது, இடம் எல்லோரையும் பொறுத்தது.

ரிலேடிவ் கிரேடிங் என்னும் ஒப்பீட்டுத் தரமிடல் இதே எண்ணத்தைக் கிரேடுகளுக்குக் கொண்டுவருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை எழுத்துத் தாள்களுக்கு இம்முறையை ஏற்றுக்கொண்டது. இதில் 81, 91 போன்ற எல்லைகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்காது. தேறியவர்களின் மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்த்த பிறகே எல்லைகள் வரையப்படும்.

பரவலை அளக்க இரண்டு எண்கள் தேவை. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த சராசரி. மற்றொன்று திட்டவிலக்கம்: மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதைச் சொல்லும் எண். எல்லோரும் 60க்கும் 64க்கும் இடையில் நெருங்கி நின்றால் திட்டவிலக்கம் சிறியது. 50 முதல் 95 வரை சிதறிக் கிடந்தால் பெரியது. ஒருவர் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் மேலே அல்லது கீழே இருக்கிறார் என்பதை வைத்து அவருடைய கிரேடு அமைகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஆண்டு வினாத்தாள் கடினம்; தேறியவர்களின் சராசரி 62, திட்டவிலக்கம் 8. அங்கே 70 எடுத்தவர் சராசரிக்கு ஒரு முழுத் திட்டவிலக்கம் மேலே இருக்கிறார். அடுத்த ஆண்டு வினாத்தாள் எளிது. சராசரி 74, திட்டவிலக்கம் அதே 8. இப்போது 70 எடுத்தவர் சராசரிக்கு அரைத் திட்டவிலக்கம் கீழே. மதிப்பெண் ஒன்றே, ஆனால் முதல் ஆண்டுக்காரருக்கு உயர்ந்த கிரேடும் இரண்டாம் ஆண்டுக்காரருக்குத் தாழ்ந்த கிரேடும் கிடைக்கும். வினாத்தாள் கடினமாக அமைந்துவிட்டால் அதன் சுமை மாணவர் தலையில் விழாமல் இருக்க வேண்டும் என்பதே இம்முறையின் நோக்கம். இயற்பியல் போன்ற பாடத்தில் இரண்டு கணக்கு வினாக்கள் திருப்பிப்போட்டுக் கேட்கப்பட்டால் ஒரு மாநிலமே பத்து மதிப்பெண் இறங்கிவிடும் என்பது பாடம் நடத்துபவர்களுக்குத் தெரியும். அந்த வகையில் எனக்கு இந்த முறை மீது பெரிய புகார் இல்லை.

புகார்கள் பெரும்பாலும் இல்லாத ஒன்றைப் பற்றியவை. குறிப்பிட்ட விழுக்காட்டினரைக் கட்டாயமாகத் தோல்வியடையச் செய்கிறார்கள் என்பது முதல் தவறான எண்ணம். மேலே சொன்ன 45, 50 என்ற தேர்ச்சிக் கோடுகள் ஒப்பீட்டுக்கு உட்பட்டவை அல்ல. அவற்றைத் தாண்டி வந்தவர்களுக்குள்தான் ஒப்பீடு. ஆகவே ரிலேடிவ் கிரேடிங்கால் யாருக்கும் அரியர் விழுவதில்லை, கிரேடு மட்டுமே ஏறும் அல்லது இறங்கும். நண்பன் நன்றாகப் படித்தால் என் கிரேடு குறையும் என்பது இரண்டாவது. முப்பது பேர் கொண்ட குழுவில் ஒருவர் கூடுதலாக 10 மதிப்பெண் எடுத்தால் சராசரி 0.33 உயரும். பத்தாயிரம் பேர் கொண்ட குழுவில் அதே பத்து மதிப்பெண் சராசரியை 0.001 மட்டுமே உயர்த்தும். நோட்டை ஒளித்து வைப்பதால் நட்பு கெடுமே தவிர கிரேடு ஏறாது.

கிரெடிட்டும் சி.ஜி.பி.ஏ.யும்

சந்தையில் கிலோ 30 ரூபாய்க்கு நான்கு கிலோ வெங்காயமும், கிலோ 60 ரூபாய்க்கு ஒரு கிலோ வெங்காயமும் வாங்கினால் சராசரி விலை 45 என்று யாரும் சொல்லமாட்டார்கள். மொத்தம் 180 ரூபாய், ஐந்து கிலோ, ஆகவே 36. எது அதிகமாக இருக்கிறதோ அதன் பக்கம் சராசரி சாய்கிறது.

பாடங்களுக்கும் அப்படி ஓர் எடை உண்டு, அதுதான் கிரெடிட். வாரத்துக்கு ஒரு மணி நேர விரிவுரை ஒரு கிரெடிட், இரண்டு மணி நேர ஆய்வகம் ஒரு கிரெடிட் என்பது பொதுவான கணக்கு. முதல் பருவத்தில் கணிதத்துக்கு 4, இயற்பியலுக்கு 3, இயற்பியல் வேதியியல் ஆய்வகத்துக்கு 2, தமிழர் மரபுக்கு 1 என்று பாடங்கள் எல்லாம் சேர்ந்து 22 கிரெடிட் வரும். ஒவ்வொரு பாடத்தின் கிரேடு புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் அந்தப் பருவத்தின் ஜி.பி.ஏ. கிடைக்கும். முதல் பருவத்திலிருந்து இன்றுவரையிலான எல்லாப் பாடங்களையும் சேர்த்து அதே கணக்கைப் போட்டால் சி.ஜி.பி.ஏ.

இயற்பியலில் ஒருவர் இரண்டு படி ஏறினால் ஜி.பி.ஏ. 6ஐ 22ஆல் வகுத்த அளவு, அதாவது 0.27 உயரும். கணிதத்தில் அதே இரண்டு படி 0.36, தமிழர் மரபில் 0.09. படிக்கும் நேரத்தைப் பங்கிடும்போது இந்த எண்கள் உதவும், ஒரு கிரெடிட் பாடம் சுவையானதாக இருந்தாலும்கூட.

அரியர் விழுந்த தாளின் நிலை இங்கே வியப்பானது. அதற்குக் கிரேடு புள்ளி பூச்சியம் என்பதால் சி.ஜி.பி.ஏ. பாதாளத்துக்குப் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆனால் யு கிரேடு பெற்ற தாள் கணக்கிலேயே சேர்க்கப்படுவதில்லை. மேலே உள்ள கூட்டலிலிருந்தும் கீழே உள்ள கிரெடிட்டிலிருந்தும் அது விலக்கப்படுகிறது. அதனால் இரண்டு அரியர் வைத்திருப்பவரின் ஜி.பி.ஏ. எல்லாத் தாள்களிலும் தேறியவருடையதைவிட அதிகமாக இருப்பதும் நடக்கும். எனவே ஜி.பி.ஏ.யை மட்டும் கேட்டு மகிழ்ந்துவிடாமல் எத்தனை கிரெடிட்டுக்கு என்றும் பெற்றோர் கேட்பது தகும்.

இதுவரை வந்த வழி இது: மதிப்பெண்ணைத் தேர்ச்சிக் கோடுகள் வடிகட்டின, எஞ்சியவை கிரேடு என்ற படிகளில் ஏற்றப்பட்டன, படிகள் எண்களாகி, கிரெடிட் என்ற எடையோடு சராசரி ஆயின.

சதவீதத்துக்குத் திரும்பும் பாதை இல்லை

வேலைக்கான விண்ணப்பம் சதவீதம் கேட்கும். உடனே எல்லோரும் சி.ஜி.பி.ஏ.யைப் பத்தால் பெருக்குவார்கள். இதில் உள்ள சிக்கலைக் காட்ட நிலையான எல்லை முறையிலேயே மூன்று மாணவர்களை நிறுத்துகிறேன். முதலாமவர் எல்லாப் பாடங்களிலும் 71, இரண்டாமவர் எல்லாவற்றிலும் 80, மூன்றாமவர் எல்லாவற்றிலும் 81. முதல் இருவருக்கும் சி.ஜி.பி.ஏ. 8.00, மூன்றாமவருக்கு 9.00. ஒன்பது மதிப்பெண் இடைவெளி கண்ணுக்கே தெரியாமல் மறைந்தது. ஒரு மதிப்பெண் இடைவெளி ஒரு முழுப் புள்ளியாக ஊதியது. 8.00 என்பதைப் பத்தால் பெருக்கி 80 விழுக்காடு என்று எழுதினால், அது இரண்டாமவருக்கு மட்டுமே உண்மை.

உதிர்ந்த தகவலை எந்த வாய்பாடும் மீட்டுத் தராது என்பதால் ஒவ்வோர் அமைப்பும் தனக்கு ஏற்ற ஒரு வாய்பாட்டை வைத்துக்கொண்டது. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 0.75ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்கச் சொன்னது, 8.00 அங்கே 72.5 ஆகும். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் சி.ஜி.பி.ஏ. வழங்கிய காலத்தில் 9.5ஆல் பெருக்கச் சொன்னது. அந்தக் கணக்கில் 76. பட்டம் தந்த பல்கலைக்கழகம் எழுத்தில் தந்திருக்கும் வாய்பாட்டைப் பயன்படுத்தி, அதையே விண்ணப்பத்தில் குறிப்பிடுவதுதான் பாதுகாப்பு.

ஆய்வகக் குறிப்பேட்டில் ஒரு கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளந்துவிட்டு 0.48371 மில்லிமீட்டர் என்று எழுதிவந்தால் அதைச் சிவப்பு மையால் அடிக்கிறோம். கருவியின் மீச்சிற்றளவு அனுமதிக்காத எண்ணுருக்களை எழுதக்கூடாது என்று திட்டுகிறோம். பிறகு அதே மாணவருக்கு, பத்து மதிப்பெண் மீச்சிற்றளவு கொண்ட அளவுகோலால் அளந்து, 7.84 என்று இரண்டு தசம இடத்துக்கு மதிப்பெண் பட்டியல் கொடுக்கிறோம். பல பாடங்களின் சராசரி என்பதால் பிழை ஓரளவு குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் 7.84க்கும் 7.79க்கும் இடையே ஒரு நிறுவனம் கோடு கிழிக்கும்போது, இயற்பியல் படித்தவன் என்ற முறையில் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

விடைத்தாளும் மறுமதிப்பீடும்

இத்தனைக்கும் அடியில் கிடப்பது மூன்று மணி நேரத்தில் எழுதிய ஒரு விடைத்தாள். இயற்பியல் வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள் ஐந்து, பதினைந்து மதிப்பெண் வினா ஒன்று. பதிவெண் மறைக்கப்பட்டு, மாற்று எண்ணோடு தாள் மதிப்பீட்டு மையத்துக்குப் போகிறது. திருத்துபவருக்கு எந்தக் கல்லூரி என்பதும் தெரியாது, யார் என்பதும் தெரியாது.

அவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். நெடிய விடைக்குப் படிப்படியாகவே மதிப்பெண் போடுவார். ஒருபரிமாணப் பெட்டியில் அடைபட்ட துகளின் ஆற்றலைத் தருவிக்கும் வினாவை எடுத்துக்கொள்வோம். சமன்பாட்டை எழுதுவது ஒரு படி. பெட்டியின் இரு சுவர்களிலும் அலைச்சார்பு பூச்சியம் என்று எல்லை நிபந்தனையை இடுவது ஒரு படி. ஆற்றல் வாய்பாடு, இயல்பாக்கம், படம் என்று அது தொடரும். பெட்டியின் அகலம் 0.1 நானோமீட்டர், அதில் உள்ள எலக்ட்ரானின் மிகக் குறைந்த ஆற்றல் என்ன என்று கணக்காகக் கேட்டால் விடை 6.02 × 10⁻¹⁸ ஜூல், அதாவது ஏறத்தாழ 37.6 எலக்ட்ரான்வோல்ட். அகலத்தை இருபடியாக்க மறந்தவருக்கு விடை 10⁻²⁸ என்ற அளவில் வரும். வாய்பாட்டுக்கும் மதிப்புகளை இட்டதற்கும் அவருக்கு மதிப்பெண் உண்டு, கடைசிப் படிக்கு மட்டும் இல்லை. எல்லாம் சரியாகப் போட்டு அலகை எழுதாமல் விட்டவரும் சிறிது இழப்பார்.

முடிவில் ஐயம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும்; அதைப் பார்த்த பிறகு மறுமதிப்பீட்டுக்கு. நகல் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது கூட்டலைச் சரிபார்ப்பது, அடுத்து திருத்தப்படாமல் விடப்பட்ட பக்கம் ஏதேனும் உண்டா என்று பார்ப்பது, அதன் பிறகு பாட ஆசிரியரோடு உட்கார்ந்து படிப்படியாக ஒப்பிடுவது.

வாசலில் நின்ற மாணவரும் நானும் அப்படித்தான் உட்கார்ந்தோம். கூட்டல் சரியாக இருந்தது. விடுபட்ட பக்கம் எதுவும் இல்லை. பதினைந்து மதிப்பெண் வினாவுக்கு வினா எண்ணும் ஒரு படமும் மட்டும் இருந்தன, அதன் கீழே பக்கம் வெறுமையாகக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். “பாஸ் ஆயிடும்னு நினைச்சு அரை மணி நேரம் முன்னாடியே எழுந்து வந்துட்டேன் சார்,” என்றார். அந்தப் படத்துக்கு மட்டும் இரண்டு மதிப்பெண் போட்டிருந்தார்கள்.